டிஸ்க் இல்லாமல் எழும் கணினி

2001-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்த ஊர் திருவனந்தபுரம். பள்ளிகளுக்கென்றே லினக்ஸ் பதிப்பு வெளியிடும் கேரள அரசின் கைட் நிறுவனமும் இங்கேதான். அப்படிப்பட்ட ஊரில், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்பதற்காகக் கணினியைத் தூக்கிப்போடுவது தகாது. டிஸ்க் இல்லாமலே அதை நெட்வொர்க் வழியே எழுப்பலாம்.

பவர் பட்டனை அழுத்தியதும் நெட்வொர்க் கார்டு முகவரி கேட்கும். வீட்டில் உள்ள இன்னொரு கணினி முகவரியைத் தந்து, பூட் கோப்பு இருக்கும் இடத்தையும் சொல்லும். டிஎஃப்டிபி என்ற கோப்பு மாற்று முறை வழியே இயங்குதளத்தின் மையமான கெர்னல் இறங்கும். மற்றக் கோப்புகள் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியே வரும். கருந்திரையில் எழுத்துகள் மளமளவென ஓடி, லாகின் வந்து நிற்கும்.

வைஃபை இதற்குச் சரிப்படாது, கேபிள் வேண்டும்.

எடைக்குப் போடுமுன், பயாஸில் நெட்வொர்க் பூட் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.