அடுத்த வீட்டுக் கர்ப்பிணிக்காக ஒரு சொட்டு இரத்தம்

நாவுலயிலிருந்து எலஹெரப் பக்கம் போனால் மாணிக்கம் தோண்டிய நிலம் வருகிறது. தொண்ணூறுகளில் அங்கே கைவிடப்பட்ட குழிகளில் நீர் தேங்கி மலேரியா நுளம்பு பெருகியது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80,000 உயிர்களைப் பறிகொடுத்த இலங்கை, 2012 ஒக்டோபருடன் உள்நாட்டுப் பரவலை நிறுத்தி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பின் சான்றிதழையும் பெற்றது.

அந்த வெற்றிக்குப் பின் வளர்ந்த பெண்கள் இன்று தாயாகிறார்கள். நோயைக் காணாத அவர்கள் உடலில் அதற்கு எதிர்ப்பாற்றலும் இல்லை. பல்சிபாரம் வகை ஒட்டுண்ணி கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியில் பதுங்கும். தாய்க்கு இரத்தசோகை, சிசு எடை குறையும், சில வேளை கருவே கலையும். அரிதாக ஒட்டுண்ணி பிள்ளைக்கும் கடக்கும். பிறந்த குழந்தை பால் குடிக்காமல் காய்ச்சலும் மஞ்சளுமாகக் கிடக்கையில் மலேரியா உடனே யார் நினைவுக்கு வரும்? விவாக்ஸ் வகையோ ஈரலில் மாதக்கணக்கில் உறங்கும். அதை அங்கிருந்து அகற்றும் பிரைமாகுயின் மாத்திரையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்க முடியாது.

கிளினிக்கில் நாம் தாய்க்கே புத்தி சொல்கிறோம்: இரும்புச்சத்து, பூச்சி மாத்திரை, நுளம்பு வலை. அவள் எல்லாம் செய்கிறாள். ஆனால் ஒட்டுண்ணி வருவது மடகஸ்கார் போய்வந்த மாணிக்க வியாபாரியின், ஆபிரிக்காவில் பணியாற்றிய சிப்பாயின், இந்தியா சென்ற யாத்திரிகரின் இரத்தத்தில். அவரைக் கடித்த நுளம்பு சில நாள் கழித்து அவளைக் கடித்தால் போதும். அவள் நாவுலயைத் தாண்டியே இருக்கமாட்டாள். இது வெறும் கற்பனைப் பயமல்ல. 2018இல் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு மொனராகலையில் இப்படித்தான் தொற்றியது. அதற்காக அந்தத் தொழிலாளியைக் குற்றவாளியாக்குவது அநியாயம். அவர் வந்திறங்கியதும் இரத்தம் சோதிக்கப்பட வழிசெய்வது வேலைக்கு அழைத்தவரின் கடமை.

மலேரியா உள்ள நாட்டுக்குப் புறப்படுமுன் தடுப்பு மருந்தை மலேரியா தடை இயக்கம் இலவசமாகவே தருகிறது. திரும்பிவந்து ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், போன நாட்டின் பெயரை வைத்தியரிடம் முதலில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வைத்தியர் கேட்கவேண்டும். குழி தோண்டியவர் மூடவேண்டும். யாத்திரைக் குழு கூட்டிச் செல்லும் கோயில், பள்ளிவாசல், விகாரை நிர்வாகங்கள் திரும்பியவர்களின் இரத்தத்தைச் சோதிக்க வசதியாக, பயணப் பெயர்ப்பட்டியலின் ஒரு பிரதியைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுத்துவிட்டுப் புறப்படும் வழக்கத்தை இந்த யாத்திரைப் பருவத்திலேயே தொடங்கலாம்.