முகச் சுருக்கமும் தலையெழுத்தும்

மனிதனுடைய முகத்தைப் பார்த்தே அவன் பூர்வ ஜென்மப் புண்ணியத்தை அளந்து விடலாம் என்கிறதான ஒரு எண்ணம் நம் ஜனங்களிடம் இன்னமும் இருந்து வருகிறது. நிழலில் உட்கார்ந்து உண்டு வளர்ந்தவன் அறுபது வயதிலும் வழவழவென்று இருந்தால் அதற்குப் பெயர் "தேஜஸ்". நாற்று நடுகிறவளின் முகம் நாற்பது வயதிலேயே சுருங்கிப் போனால் அதற்குப் பெயர் "தலையெழுத்து". இந்தத் தேஜஸ் எங்கிருந்து வந்தது, அந்த எழுத்தை எழுதினது யார் என்று விசாரிக்க வேண்டாமா?

எழுத்து என்னமோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது இருப்பது மண்டை ஓட்டில் அல்ல. நம் தோலிலுள்ள செல்களுக்குள் மைட்டோகாண்டிரியா என்கிற அடுப்புகள் எரிகின்றன. தாயிடமிருந்து மாத்திரம் வரும் தனி டி.என்.ஏ. ஒன்று அந்த அடுப்புகளுக்கு உண்டு. அதன் 16,569 எழுத்துக்களையும் கேம்பிரிட்ஜில் 1981-ல் ஒன்று விடாமல் படித்து வெளியிட்டு விட்டார்கள். பிரம்மா எழுதினதாகச் சொல்லப்படுவதை இப்படி எழுத்தெண்ணிப் படித்துக் காட்டியவர் எவராவது உண்டா?

இந்த ஏடு அடுப்பின் பக்கத்திலேயே கிடப்பதால் பொறி பட்டுக் கருகுகிறது. போதாததற்கு வெயிலின் புற ஊதாக் கதிரும் தாக்குகிறது. உட்கருவின் டி.என்.ஏ.வில் கதிர் பட்ட இடத்தை வெட்டியெடுத்துச் செப்பனிடும் வசதி உண்டு. இதற்கோ அந்த வசதி கிடையாது. ஆகவே சில பிரதிகளில் 4,977 எழுத்துக்கள், அதாவது பத்தில் மூன்று பங்கு, ஒரேயடியாய்க் கழன்று போகின்றன. ஜெர்மனியில் 52 பேருடைய, அதுவரை கதிர் படாத தோலில் அளவாகப் புற ஊதா 'ஏ' கதிரைத் திரும்பத் திரும்பப் பாய்ச்சி 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். அடித்தோலில் அந்தக் குறை சுமார் 40 சதவிகிதம் கூடிற்று. கதிரை நிறுத்தி 16 மாதமாகியும் அது குறையவில்லை. சிலருக்கு இன்னும் ஏறவே செய்தது. அடுப்பு கெட்டால் பொறி அதிகம். பொறி அதிகமானால் தோலைத் தாங்கும் கொலாஜன் நார் அறுகிறது.

நிற்க, அமெரிக்காவில் 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயதுத் தொழிலாளி ஒருவரின் படம் 2012-ல் வைத்தியப் பத்திரிகையொன்றில் வந்தது. அந்நாட்டில் ஓட்டுகிறவர் இடது பக்கம் உட்காருவார். கண்ணாடி 'பி' கதிரைத் தடுக்கும். 'ஏ' கதிரை உள்ளே விட்டு விடும். அவருடைய இடது கன்னம் உழுத நிலமாகவும் வலது கன்னம் அதைவிட எவ்வளவோ இளமையாகவும் இருந்தன. தலையெழுத்துக்காரர்களை நாம் கேட்கிறோம்: ஒரு மனிதனுக்கு ஒரு தலைதானே? இடது கன்னத்துக்கு ஒரு விதி, வலது கன்னத்துக்கு வேறொரு விதியா? போன ஜென்மத்தில் இவர் பாதி உடம்பால் மாத்திரம் பாவம் செய்தாரோ? வலது கன்னத்தின் "தேஜஸு"க்குக் காரணம் மந்திரமா, அல்லது லாரியின் கூரையா?

இது இப்படியிருக்க, பழைய புரோகிதன் விட்ட இடத்தைப் புதுப் புரோகிதனான டப்பா வியாபாரி பிடித்துக் கொண்டான். அலபாமாவில் எலிகளுக்கு இந்த டி.என்.ஏ.வைக் குறைத்துச் சுருக்கம் வரச்செய்து, பிறகு அதை மீட்டதும் சுருக்கம் மறைந்ததாக 2018-ல் எழுதினார்கள். எலி எலிதான், அந்த வித்தை மனிதனுக்கு இன்னும் கைகூடவில்லை. வியாபாரிக்கு அதைப் பற்றி என்ன கவலை? அதைவிட மோசம் வெளுப்புக் களிம்பு. கறுப்புத் தோலின் மெலனின் நமக்குப் பிறவியிலேயே கிடைத்த குடை. அது முழுக் குடையல்ல என்றாலும், காசு கொடுத்து அதைக் கிழித்துக் கொள்வதா? அப்படிப்பட்ட சில களிம்புகளில் மூத்திரக் காயைக் கெடுக்கும் பாதரசமும் இருக்கிறது.

முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, உச்சி வேளையில் இரண்டு மணி நேர நிழல் ஆகிய இவைகளுக்கு டப்பாவின் விலைகூட ஆகாது. ஆனால் கூலிக்காரர் அந்த இரண்டு மணி நேரத்தைக் கேட்டால் மாத்திரம், முதலாளிக்குத் திடீரென்று தலையெழுத்தில் நம்பிக்கை வந்து விடுகிறது.