பழைய கணிப்பொறி வாங்கலாமா?

திரைக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கிய பழைய ‘ஆல் இன் ஒன்’ கணிப்பொறி மலிவாய்க் கிடைத்தால், மகளின் படிப்புக்கென்று வாங்க நினைக்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் கண்ணில் முதலில் படுவன அகன்ற திரையும், ‘ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்’ என்ற எழுத்துமே. மாணவியராகிய நாங்கள் அவ்விரண்டையும் கடைசியில்தான் வைப்போம்.

சுழலும் தட்டுள்ள டிஸ்க் எவ்வளவு பெரிதாயினும், கணிப்பொறி விழித்தெழுவதற்குள் நம் பொறுமை போய்விடும். சிறியதொரு எஸ்.எஸ்.டி. பொருத்தி, 4 ஜிபி ரேமை 8 ஆக்கினால் அதே பொறி சுறுசுறுப்பாகும். ஆகவே, ‘எவ்வளவு இருக்கிறது?’ என்பதைவிட ‘எதை மாற்ற முடியும்?’ என்றே கேட்க வேண்டும். 2012 இறுதியில் வந்த ஐமேக்குகளில், 27 அங்குலப் பொறிக்கு ரேம் மாற்றப் பின்புறம் சிறு கதவு உண்டு, 21.5 அங்குலப் பொறியிலோ ஒட்டிய திரையையே பெயர்த்தெடுக்க வேண்டும்!

இன்டெல் ஆறாம் தலைமுறைப் பிராசஸர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதற்காகப் பொறியைக் குப்பையில் எறிவானேன்? நம் அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸைக் கொண்டே கணிப்பொறி கற்பிக்கின்றன.

எங்கள் அச்சமெல்லாம் சூட்டைப் பற்றியதே. காற்றாலைகளைச் சுழற்றும் ஆரல்வாய்மொழிக் காற்று புழுதியையும் சேர்த்தே கொண்டுவரும். மெல்லிய உடலுக்குள் விசிறி அடைத்துக்கொண்டால் பொறி கொதிக்கும். வாங்குமுன் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, விசிறியின் இரைச்சலைக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரியே.