இதய வடிவில் ஒரு விஷம்!

கழுத்துச் செயினை வாயில் போட்டுக் கடித்தபடியே பாடம் கவனிக்கும் பிள்ளைகளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்தவன் நான். 'எடு வாயிலிருந்து!' என்று அதட்டுவேன். அழுக்கு, கிருமி என்பதுதான் அப்போது என் பயம். அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைப் படித்த பிறகே, விஷயம் பெரிது என்று புரிந்தது.

2006 பிப்ரவரியில், மின்னசோட்டா மாநிலத்தில் நான்கு வயது சிறுவன் ஒருவன் வாந்தி எடுத்தான். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று கருதி, வீட்டுக்கு அனுப்பி விட்டனர். நிலைமை மோசமாகி மீண்டும் வந்தபோது, எக்ஸ்ரே எடுத்தனர். வயிற்றில் இதய வடிவில் ஏதோ ஒன்று தெரிந்தது. சில நாட்களில் சிறுவன் இறந்து போனான்.

'ரீபோக்' நிறுவனம் காலணியுடன் இலவசமாகக் கொடுத்த பிரேஸ்லெட்டில் தொங்கிய குட்டி இதயம்தான் அது. சோதித்தால், 99 சதவீதம் காரீயம்! சுமார் 3 லட்சம் பிரேஸ்லெட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 2008ல் அந்நிறுவனம் 10 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

நகையில் காரீயம் எதற்கு? விலை மலிவு; 327 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். செம்பை உருக்க 1,085 டிகிரி வேண்டும். அச்சில் ஊற்றி, மேலே பளபளவென முலாம் பூசிவிட்டால் யாருக்குத் தெரியும்? (பாட்டி ரசம் வைக்கும் ஈயச்சொம்பை நினைத்துப் பயந்து விடாதீர்கள். அது வெள்ளீயம், வேறு உலோகம்.)

வயிற்றிலுள்ள அமிலம் காரீயத்தைக் கரைக்கும். ரத்தத்தில் கலந்ததும், அதைக் கால்சியம் என்று நம்பி உடல் ஏமாந்துவிடும். எலும்பில் சேர்த்து வைக்கும், மூளைக்கும் அனுப்பும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடலே இதை அதிகம் உறிஞ்சுகிறது.

2008ல் அமெரிக்கா கடுமையான சட்டம் போட்டது. 2011 ஆகஸ்டிலிருந்து, குழந்தைகளுக்கான பொருட்களில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்குக்கு மேல் காரீயம் கூடாது. பிரச்னை தீர்ந்ததா? அதுதான் இல்லை!

காரீயத்தை விட்டுவிட்டுக் காட்மியத்துக்குத் தாவினர் சில தயாரிப்பாளர்கள். இதுவும் 321 டிகிரியில் உருகும். சீனாவில் தயாரான ஒரு குழந்தை நகையில் 91 சதவீதம் காட்மியம் இருந்ததை, 2010 ஜனவரியில் 'அசோசியேட்டட் பிரஸ்' செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும். ஜப்பானில் சுரங்கக் கழிவால் இந்த விஷம் ஆற்று நீரில் கலந்து வந்த நோய்க்குப் பெயரே 'இத்தாய் இத்தாய்'. 'ஐயோ வலிக்குதே' என்று அர்த்தம்!

தவறு எங்கே? 'காரீயம் கூடாது' என்ற சட்டம், அதற்குப் பதில் எதைச் சேர்க்கலாம் என்று யோசிக்கவில்லை என்பதே என் கருத்து. பிறகு கலிபோர்னியா 2012ல் குழந்தை நகைகளில் காட்மியத்துக்கு வரம்பு வைத்தது. ஐரோப்பிய ஒன்றியமோ, பெரியவர்கள் நகையையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. அது புத்திசாலித்தனம். அம்மா செயினை மாட்டிப் பார்க்காத குழந்தை உண்டா?

பார்த்தோ, தொட்டோ இந்த உலோகங்களைக் கண்டுபிடிக்க முடியாது. காந்தமும் உதவாது, செம்பு, வெள்ளியைப் போலவே இவையும் காந்தத்தில் ஒட்டாது. ஆய்வுக்கூடக் கருவிதான் சொல்லும்.

தம்பியோ தங்கையோ எதையாவது விழுங்கிவிட்டால், அடி விழுமே என்று மறைக்காதீர்கள். என்ன பொருள், எப்போது விழுங்கியது என்பதை உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். அதே மாதிரி இன்னொன்று வீட்டில் இருந்தால், டாக்டரிடம் காட்ட எடுத்துச் செல்லுங்கள்.