பிடித்தது பிடியா?

பந்து உயரே போகிறது. ஒரு இளைஞர் அதைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறார். கையை நீட்டிப் பாய்கிறார். பந்து கையில் விழுகிறது. அவர் தரையில் விழுகிறார்.

"அவுட்!" என்று ஒரு பக்கம் கூச்சல்.

"இல்லை! பந்து தரையில் பட்டுவிட்டது!" என்று மறு பக்கம் கூச்சல்.

ஆட்டம் நிற்கிறது. சண்டை தொடங்குகிறது.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிது அல்ல. வாரம் முழுவதும் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்கிற கைகள், விடுமுறை நாளில் டென்னிஸ் பந்தைப் பிடிக்கின்றன. ஓசூர் எல்லை ஊர். தமிழர், தெலுங்கர், கன்னடர் மூவரும் அங்கே ஒரே அணியில் ஆடுகிறார்கள். பந்து மேலே போனால் ஒருவர் "பிடி" என்பார். ஒருவர் "பட்டு" என்பார். இன்னொருவர் "ஹிடி" என்பார். சொல் மூன்று, பொருள் ஒன்று.

ஆனால், பிடி என்றால் என்ன? இதில்தான் தகராறு!

சட்டம் சொல்வது என்ன?

கிரிக்கெட் சட்டத்தில் 33-வது விதி இதைச் சொல்கிறது. பந்து, பிடிப்பவர் உடம்பில் பட்டதும் பிடி தொடங்குகிறது. அது எப்போது முடிகிறது? பந்தும் அவருக்கு அடங்க வேண்டும். அவருடைய உடம்பும் அவருக்கு அடங்க வேண்டும். இரண்டும் அடங்கினால்தான் பிடி முடிந்தது. அதற்குள் பந்து தரையில் படக்கூடாது.

"எத்தனை நொடி கையில் இருக்க வேண்டும்?" என்று கடிகாரம் செய்கிறவர் கேட்கலாம். சட்டத்தில் நொடிக் கணக்கு இல்லை. அடங்கியதா, இல்லையா என்பதே கேள்வி.

இன்னொன்று. "கை தரையில் பட்டுவிட்டது, ஆகவே அவுட் இல்லை" என்று பலர் வாதாடுகிறார்கள். அது தவறு. பந்தைப் பிடித்த கை தரையில் படலாம். பந்துதான் படக்கூடாது.

1999-ம் ஆண்டு ஜூன் 13-ந்தேதி நடந்ததைப் பாருங்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் உலகக் கோப்பை ஆட்டம். ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் வா 56 ரன் எடுத்திருந்தார். அவர் அடித்த பந்து தென் ஆப்பிரிக்காவின் கிப்ஸ் கையில் விழுந்தது. மிகவும் எளிய பிடி! கிப்ஸ் மகிழ்ச்சியில் பந்தை மேலே எறியப் போனார். அது கையிலிருந்து நழுவி விழுந்தது. பந்து இன்னும் அவருக்கு அடங்கவில்லை. ஆகவே அவுட் இல்லை!

ஸ்டீவ் வா அவுட் ஆகாமல் 120 ரன் எடுத்தார். ஆஸ்திரேலியா வென்றது. அந்த ஆண்டுக் கோப்பையும் அவர்களுக்கே போனது.

அவசரம் செய்த வேலை!

எல்லைக் கோட்டில்

2024-ம் ஆண்டு ஜூன் 29-ந்தேதி. பார்படாஸ் தீவில் 20 ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் தென் ஆப்பிரிக்காவுக்கு 16 ரன் வேண்டும். முதல் பந்தை மில்லர் ஓங்கி அடித்தார். எல்லையில் நின்ற சூரியகுமார் யாதவ் அதைப் பிடித்தார். கால் எல்லையைத் தாண்டப் போகிறது! பந்தோடு எல்லையைத் தொட்டால் ஆறு ரன். அவர் பந்தை உள்ளே மேலே எறிந்துவிட்டு வெளியே போனார். திரும்ப உள்ளே வந்து பிடித்தார். நடுவர் படம் போட்டுப் பார்த்து "அவுட்" என்றார். இந்தியா 7 ரன்னில் வென்றது.

அங்கே கேமரா இருந்தது. கேமராவும் எப்போதும் கைகொடுக்காது. தரையை ஒட்டிப் பிடித்த பந்தைப் படத்தில் பார்த்தால், தரையில் பட்டது போலத் தோன்றும். நடுவர்களே திணறுவது உண்டு.

அமெரிக்கர் பட்ட பாடு

அமெரிக்காவிலும் இதே தலைவலி. அவர்களுடைய கால்பந்து வேறு. முட்டை போன்ற பந்தைக் கையால் எறிந்து பிடிப்பார்கள். 2015-ம் ஆண்டு ஜனவரி 11-ந்தேதி, கிரீன் பே நகரில் டெஸ் பிரயண்ட் என்ற ஆட்டக்காரர் எகிறிப் பந்தைப் பிடித்தார். கீழே விழும்போது பந்து தரையில் பட்டு அசைந்தது. முதலில் "பிடி" என்றார்கள். படத்தைப் பார்த்துவிட்டு "பிடி அல்ல" என்றார்கள். அவருடைய டல்லாஸ் அணி தோற்றது. நாடு முழுவதும் வாக்குவாதம்! கடைசியில் 2018-ல் விதியையே எளிமையாக்கினார்கள்.

பணம் கொழிக்கும் ஆட்டத்திலேயே இந்தப் பாடு என்றால், கேமரா இல்லாத நம் மைதானத்தில் என்ன செய்வது?

விசுவநாத் காட்டிய வழி

1980 பிப்ரவரி. பம்பாயில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடின. இங்கிலாந்து 5 விக்கெட் இழந்து தவித்தது. அப்போது பாப் டெய்லர் அடித்த பந்தை விக்கெட் கீப்பர் பிடித்துவிட்டதாக நடுவர் அவுட் கொடுத்தார். பந்து மட்டையில் பட்டால்தானே பிடி? படவில்லை என்று இந்திய கேப்டன் விசுவநாத் நினைத்தார். நடுவரிடம் சொல்லி, டெய்லரைத் திரும்ப அழைத்தார்!

டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள். இந்தியா தோற்றது.

ஓசூருக்கு அடுத்த கர்நாடகத்துக்காரர் விசுவநாத். அந்த ஆட்டத்தில் வென்றவர்களைவிட, தோற்ற கேப்டனைத்தான் இன்றும் போற்றுகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

தொழிற்சாலையில் ஒரு உருப்படி சரியா, தவறா என்று பார்க்க அளவுகோல் உண்டு. ஆளுக்கு ஒரு அளவுகோல் வைத்தால் வேலை நடக்குமா? மைதானத்துக்கும் அப்படித்தான். டாஸ் போடும் முன்பே இரண்டு கேப்டன்களும் பிடி விதியைப் பேசிக்கொள்ளட்டும். நடுவருக்குச் சந்தேகம் என்றால் அவுட் இல்லை என்று முடிவு செய்யட்டும்.

அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. பந்து தரையில் பட்டதா என்பது பெரும்பாலும் பிடித்தவருக்குத் தெரியும். அவர் உண்மையைச் சொன்னால் சண்டைக்கு இடம் இல்லை. மறைத்தால், பந்துச் சண்டை ஊர்ச் சண்டை ஆகும். எல்லை ஊரில் அது மொழிச் சண்டையாகவும் ஆகலாம்.

பெற்றோர்களே! மகன் ஆடிவிட்டு வீட்டுக்கு வந்தால், "ஜெயித்தாயா?" என்று கேட்கிறீர்கள். கூடவே இதையும் கேளுங்கள்: "பந்து தரையில் பட்டபோது, பட்டது என்று சொன்னாயா?"

ஆம் என்று அவன் சொன்னால், முதுகில் தட்டிக் கொடுங்கள்!