தேசத்துக்கு டங்ஸ்டன் வேண்டுமாம்!



டங்ஸ்டன் இல்லாமல் தொழில் நடக்காது, அதனால் மேலூர் விவசாயி மண்ணை விட்டுக் கொடுக்கத்தான் வேண்டும் என்று உபதேசம் செய்தார்கள் சில மேதாவிகள்.

டங்ஸ்டனைப் பற்றி நமக்கா பாடம்? திருவொற்றியூர்ப் பட்டறையில் லேத்தில் இரும்பைச் சீவுகிறதே கார்பைடு பிட், அது என்ன? டங்ஸ்டனையும் கரியையும் கூட்டி, கோபால்ட்டால் பிணைத்துச் சுட்டது. ராயபுரத்தில் டிக் வெல்டிங் செய்கிறவர் கையிலுள்ள கம்பி டங்ஸ்டன். நம் குடிசையில் எரிந்த குண்டு பல்பின் இழையும் அதுவே. இரும்பு 1,538 டிகிரியில் உருகிவிடும். டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி வேண்டும். உலோகங்களில் அதற்கு மிஞ்சியது கிடையாது. கனத்தில் தங்கத்துக்குச் சமம்.

அது தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. உலக உற்பத்தியில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு சீனாவில் நடக்கிறது. 2025 பிப்ரவரியில் அந்நாடு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் போட்டது. ஆனால் ராஜஸ்தானில் டேகானா சுரங்கம் இருந்ததே! கட்டுப்படியாகாது என்று 1990-களில் அதை மூடினார்களே! அன்று எங்கே போயிற்று இந்தத் தேச பக்தி?

2023-இல் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய சர்க்கார் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2024 நவம்பர் 7-இல், மதுரை ஜில்லா மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி வட்டாரம் ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்கு என்று அறிவித்தது. சுமார் ஐயாயிரம் ஏக்கர்! அதற்குள் அரிட்டாபட்டியும் அடக்கம். ஏழு குன்றுகளும், 72 ஏரிகளும், 200 ஊற்றுகளும் சூழ்ந்த அந்த ஊர் 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. உழுகிறவனைக் கேட்டார்களா? நாற்று நடும் கூலிப் பெண்ணைக் கேட்டார்களா? நிலம் போனால் பட்டாக்காரருக்கு நஷ்ட ஈடு என்று ஒரு பேச்சாவது உண்டு; கூலிக்காரருக்கு என்ன உண்டு?

மக்கள் வாய்மூடி இருக்கவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரமாயிரமாய் நடந்தார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்து! யாரும் தயவு பண்ணிக் கொடுத்ததல்ல இது. நடந்த கால்கள் வாங்கியது.

இனி நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். கார்பைடு பிட்டைச் சாணை பிடிக்கும்போது பறக்கும் தூசியில் கோபால்ட்டும் கலந்திருக்கிறது. அதைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும். வைத்திய சாஸ்திரம் அறிந்த விஷயம் இது. தூசியை உறிஞ்சும் குழாய் எத்தனை பட்டறைகளில் இருக்கிறது? டங்ஸ்டன் தேசத்தின் செல்வமென்றால், அதைத் தீட்டுகிறவன் நெஞ்சு யாருடைய செல்வம்?

ஆகவே நாம் கேட்கிறோம்: தேய்ந்த பிட்டிலிருந்து டங்ஸ்டனை மீட்டெடுக்கலாமே, முதலில் அந்தக் கழிவை ஒழுங்காகத் திரட்டு! சாணைக்குத் தண்ணீர் விடு, தூசி உறிஞ்சி வை, ஆண்டுதோறும் மார்புப் பரிசோதனை செய்! கிராமத்தின் சம்மதம் இல்லாமல் எந்த மண்ணையும் ஏலத்தில் ஏற்றாதே!

மேலூர் வயலில் நிற்பவரும் எண்ணூர் லேத்தில் நிற்பவரும் இந்தக் கோரிக்கைகளைச் சேர்ந்து எழுப்ப வேண்டும். எழுப்புவோம்!