பங்கில்லாப் பங்காளி

தமிழில் 'பங்காளி' என்னுஞ் சொல் ஆழ்ந்து நோக்கற்பாலது. ஒரு சொத்தில் நம்மோடு ஒக்க உரிமையுடையான் எவனோ அவனே பங்காளி. அவன்பால் நமக்கு அன்பு இருக்கலாம், பூசலும் இருக்கலாம். ஆயின் அவனுடைய பங்கு நம் அன்பினால் வருவதுமன்று, நம் சினத்தினால் போவதுமன்று. நாம் மறுப்பின் அவன் நீதிமன்றம் ஏறிப் பெற்றுக்கொள்வான். இங்ஙனம் கேட்டுப் பெறும் ஆற்றல் இல்லாதானை ஊரார் பங்காளி என்னார்; விருந்துக்கு வந்துபோகும் உறவினன் என்பர்.

இந்நாளில் அரசாங்கத்தார் காடு காக்கும் பணியில் ஊர்மக்களைத் தம் பங்காளர் என்கின்றனர். குழுக்கள் அமைக்கின்றனர், உடன்படிக்கை எழுதுகின்றனர், பொருளுதவியும் செய்கின்றனர். இவை யாவும் நல்லனவே. ஆயின் இவ்வுடன்படிக்கைகள் எந்தச் சட்டத்தின்மேல் நிற்கின்றன? ஒரு தரப்பார் சொல் தவறின் மற்றைத் தரப்பார் எவ்விடஞ் சென்று முறையிடுவர்? தமிழ் பயிலும் உமக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். முல்லைக்கும் குறிஞ்சிக்கும் முதலும் கருவும் உரியும் மனனஞ் செய்து தேர்வெழுதும் யாம், அந்நிலம் இன்று யாருடையது என்று ஒருகால் வினவுதல் பிழையாகாது.

காடுகள் அரசுடைமையான வரலாறு மிக நீண்டதன்று. 1865-இல் முதல் இந்திய வனச் சட்டம் தோன்றிற்று. 1878-இல் அது விரிந்தது. 1927-இல் புதிதாக எழுதப்பெற்றது. சென்னை மாகாணம் 1882-இல் தனக்கெனத் தனிச் சட்டம் செய்துகொண்டது. தமிழ்நாட்டு வனங்கள் இன்றும் அச்சட்டத்தின்கீழேயே உள்ளன. இச்சட்டங்களின் பயனாய், தலைமுறை தலைமுறையாக விறகும் தழையும் தேனும் கொணர்ந்த குடிகள் தம் காட்டிலேயே அத்துமீறுவோர் ஆயினர். ஊருக்கும் காட்டிற்கும் இடையே காவலன் ஒருவன் நிறுத்தப்பட்டான். அவன் ஒருவன், காடோ பெரிது. ஊராரைப் பகைத்துக்கொண்டு காட்டைக் காத்தல் இயலாதென்பது பல இடங்களில் மெய்யாயிற்று.

இதனை உணர்ந்து செய்த முயற்சிகளுள் முதன்மையானது மேற்கு வங்காளத்து மேதினிபுரி மாவட்டத்தில், அராபாரி என்னுமிடத்தில், 1970-களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. அஜித் குமார் பானர்ஜி என்னும் வன அலுவலர், சீரழிந்த 1,272 ஹெக்டேர் சால மரக்காட்டைக் காக்கும் பொருட்டு, அதனைச் சூழ்ந்த 11 ஊர்களின் 618 குடும்பத்தாரை அழைத்தார். வேலையும் சிறு விளைபொருள்களும் உங்களுக்கு. மரம் முற்றி விற்கும் நாளில் நிகர வருவாயில் நூற்றுக்கு 25 பங்கும் உங்களுக்கு என்றார். வெட்டுண்ட அடிக்கட்டைகள் தளிர்த்தன, காடு மீண்டது. பலரும் போற்றும் இவ்வரலாற்றில் ஒன்றை மட்டும் பலர் மறந்துவிடுகின்றனர். அந்த 25 பங்கை மாநில அரசாங்கம் முறையாக ஒப்புக்கொண்டது 1980-களின் பிற்பகுதியிலேதான். ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் அம்மக்கள் ஓர் அலுவலரின் சொல்லை நம்பியே காட்டைக் காத்தனர். சொன்னவர் நல்லவராயிருந்தமையால் காடு பிழைத்தது. நல்லவர் வாராத ஊரின் கதி யாது?

அராபாரியைப் போன்ற முயற்சிகளின் பயனாக, 1988-ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கை, காடு காத்தலில் மக்கள் பங்குபெற வேண்டுமென அறிவித்தது. 1990 ஜூன் 1-ஆம் நாள் மத்திய அரசாங்கம் மாநிலங்கட்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. கூட்டு வன மேலாண்மை என இன்று வழங்கும் ஏற்பாட்டிற்கு நாடு முழுவதற்கும் அடிப்படை அச்சுற்றறிக்கையே. 2000-இல் வந்த வழிகாட்டுக் குறிப்புகள், குழுக்களைச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்க என்றன. பொது அவையில் பாதிப்பேர் பெண்டிராயிருக்க வேண்டுமென்றும் கூறின. 2002-இல் வந்தவை, வனத்துறைக்கும் குழுவுக்கும் இடையே புரிந்துணர்வு உடன்படிக்கை எழுதுக என்றன. தமிழ்நாட்டில் 1997-இல் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. அறிவிப்பும் குறிப்பும் உடன்படிக்கையும் உள. ஊராரின் பங்கை உறுதி செய்யும் சட்டம் மட்டும் அவற்றினிடையே இல்லை.

இதன் பொருளை யாம் நூலிற் படித்து அறிந்தோமல்லோம். சென்ற விடுமுறையில் மலையடிவாரத்து ஊரொன்றிற்குச் சென்றிருந்தோம். ஊர்ப் பொதுக்கிணற்றருகே துருப்பிடித்த பலகை ஒன்று சாய்ந்து கிடந்தது. அதில் வனக் குழுவின் பெயர் பாதி அழிந்திருந்தது. அருகிருந்த முதியவரை வினவினோம். 'அது திட்டம் இருந்தப்போ தம்பி. திட்டம் போச்சு, குழுவும் போச்சு. கையெழுத்துப் போட்ட காகிதம் யார்கிட்ட இருக்குன்னே தெரியலை' என்றார். அவர் அதனைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்து ஓய்ந்ததைச் சொல்வார்போலச் சொன்னார். எம்மை வருத்தியது அதுவே. தமக்கு ஓர் உரிமை இருந்து பறிபோயிற்று என்னும் எண்ணமே அவருக்கில்லை. மேலிருந்து வந்தது, மேலேயே போயிற்று.

அக்காகிதம் கிடைத்திருப்பினும் அவருக்கு என்ன பயன் விளைந்திருக்கும்? அரசமைப்புச் சட்டத்தின் 299-ஆம் பிரிவு, அரசாங்கத்தார் செய்யும் ஒப்பந்தங்கள் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் பெயரால், அதிகாரம் பெற்றவரால், குறித்த முறையில் எழுதப்படல் வேண்டுமென விதிக்கின்றது. அம்முறை வழுவின் அதனை ஒப்பந்தமாகக் கொண்டு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்த இயலாதென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அங்ஙனமாயின், மரத்தடியிற் கூட்டங்கூட்டி ஊராரும் வன அலுவலரும் கையொப்பமிடும் தாள், அம்முறைப்படி எழுதப்பெறாதவிடத்து, ஊராரை மட்டுமே கட்டும் கயிறாகின்றது. பொருளுதவியின் நிலையும் இத்தகையதே. பொதுக் காரியம் எதற்கும் மானியம் வழங்க 282-ஆம் பிரிவு அரசாங்கத்திற்கு இடந்தருகின்றது. ஆயின் வழங்கலாம் என்பதே அதன் பொருள். வழங்கியே தீரவேண்டும் என்பதன்று. சங்கமாகப் பதிந்துகொண்டால் உரிமை வந்துவிடுமோ எனின், மனமகிழ் மன்றமும் நாடக சபையும் அவ்வாறே பதிந்துகொள்கின்றன. பதிவு ஒரு பெயரைத் தரும். ஒரு மரத்தையேனும் தாராது.

புறத்திணையில் பரிசில் கடாநிலை என ஒரு துறை உண்டு. பரிசில் தர நீட்டிக்கும் புரவலன் வாயிலில் நின்று புலவன் தன் வறுமை கூறி வேண்டுவது அது. பாட்டுக்கு அது அழகு. காட்டைக் காத்த கூலியையும் பங்கையும் ஓர் ஊர் அத்துறையில் நின்று பெறவேண்டுமாயின் அஃது அழகன்று.

சட்டமே இல்லையோ எனின், உண்டு. ஆயின் உரிமை ஓரிடத்தும் பொருள் ஓரிடத்துமாகப் பிரிந்து கிடக்கின்றது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், ஒரு சமுதாயத்தார் வழிவழியாகக் காத்துவந்த வனத்தைக் காக்கவும் புதுப்பிக்கவும் மேலாளவும் உரிமை உண்டெனத் தெளிவாய்க் கூறுகின்றது. மகாராட்டிரத்துக் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா-லேகா என்னும் ஊர் 2009-இல் அவ்வுரிமையைப் பெற்றது. 2011-இல் தன் காட்டு மூங்கிலைத் தானே விற்கும் அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரம் அதன் கிராம சபையின் கைக்கு வந்தது. இதுவன்றோ பங்காளியின் நிலை! ஆயின் அச்சட்டம் காட்டை வளர்க்கப் பொருள் ஒதுக்கவில்லை.

பொருளோ வேறிடத்தில் உள்ளது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகள் பற்றி 1995-இல் கோதவர்மன் திருமுல்பாடு என்பார் தொடுத்த வழக்கு, நாடு தழுவிய வன வழக்காய் வளர்ந்தது. அதன் ஆணைகளின் வழியே, அழிக்கப்படும் காட்டிற்கு ஈடாகக் காடு வளர்க்கும் நிதி பிறந்தது. 2016-இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. 2019-இல் அந்நிதியினின்று ரூ.47,000 கோடிக்கு மேல் மாநிலங்கட்குச் சென்றது. ஆயின் எந்த ஊரின் நிலத்தில் மரம் நடப்படுகின்றதோ அந்த ஊரின் கிராம சபை இசைவு வேண்டுமென அச்சட்டத்தில் எழுதப்படவில்லை. மாநிலங்களவையில் அக்குறை எடுத்துரைக்கப்பட்டது; பின்னர் 2018-இல் வந்த விதிகளில் 'கலந்து' என்னும் சொல்லளவே இடம்பெற்றது. உரிமையுள்ள சட்டத்தில் பொருளில்லை. பொருளுள்ள சட்டத்தில் உரிமையில்லை.

பிற நாட்டார் இதனை எங்ஙனம் செய்கின்றனர் என்று நோக்குவோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1911-இல் வந்த வீக்ஸ் சட்டம், காட்டுத்தீயைத் தடுக்க மாநிலங்களோடு கூடிச் செலவிட மத்திய அரசாங்கத்திற்கு அதிகாரம் தந்தது. மாநிலம் செலவிடுவதற்கு மேல் மத்திய அரசாங்கம் தருதலாகாது என்னும் வரம்பையும் அதுவே வகுத்தது. 1924-இல் கிளார்க்-மக்நேரி சட்டமும், 1978-இல் கூட்டுறவு வனவியல் உதவிச் சட்டமும் அதனை விரித்தன. ஒப்பந்தம் எது, மானியம் எது, கூட்டுறவு உடன்படிக்கை எது என்று 1977-ஆம் ஆண்டுப் பெயர் தாங்கிய மற்றொரு சட்டம் வரையறுத்தது. மத்திய அரசின் காட்டில் மாநிலங்கள் வேலைசெய்ய 2014-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் 'நல்ல அயலார்' என்னும் அதிகாரத்தை நிலைநிறுத்திற்று. 2018-இல் அது மாவட்டங்கட்கும் பழங்குடி மக்கட்கும் நீட்டப்பட்டது. ஆயினும் மரம் விற்ற வருவாயை வைத்துக்கொள்ளும் உரிமையை 2018-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்கட்கு மட்டுமே தந்தது. அந்நாட்டு முறையும் குறையற்றதன்று என்பது இதனால் விளங்கும். ஆயின் அக்குறை சட்ட ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. அதனை எவரும் விரல்வைத்துக் காட்ட முடிந்தது. திருத்துக என்று சட்டமன்றத்தில் வழக்காட முடிந்தது. சுற்றறிக்கையின் குறையை எங்கே விரல்வைத்துக் காட்டுவது?

உரிமை தந்தால் ஊரார் காட்டை அழித்துவிடுவர் என்பார் உளர். அவர் குமாவுன் மலைநாட்டை நோக்குவாராக. 1921-இல் அங்கு மக்கள் வனச் சட்டத்தை வெறுத்துக் காடுகட்குத் தீயிட்டனர். அரசாங்கத்தார் குழு அமைத்து ஆராய்ந்து, 1931-இல் வனப் பஞ்சாயத்துகட்கு விதிகள் வகுத்தனர். தீயிட்டாருடைய மக்களே காவலராயினர். அப்பஞ்சாயத்துகள் குறையுடையனவாயினும் இன்றும் உத்தராகண்டத்தில் வாழ்கின்றன. அந்நியர் ஆட்சியிலேயே கூடிய ஒன்று நம் ஆட்சியில் கூடாதோ? சட்டம் இயற்றல் காலம் பிடிக்கும், சுற்றறிக்கையோ இடத்திற்கேற்ப வளைந்து கொடுக்கும் என்பார் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் வளைவது எப்போதும் வலியார் பக்கமே என்பதை அவர் மறந்தனர். உரிமையுடன் கடமையும் வேண்டும் என்பாரோடு யாம் முற்றும் உடன்படுகின்றோம். நட்ட கன்றை மேயவிட்ட ஊர் தன் பங்கை இழக்கட்டும். அதுவும் எழுதப்பட்ட விதியால் இழக்கட்டும். ஒருவர் முகக்குறிப்பால் இழத்தலாகாது.

எழுதி வைத்து ஊராளுதல் நமக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து, 919-ஆம் ஆண்டினும் 921-ஆம் ஆண்டினும், உத்தரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் எங்ஙனம் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்படல் வேண்டும், கணக்குக் காட்டாதார் எங்ஙனம் விலக்கப்படுவர் என்று விரிவாய்க் கூறுகின்றன. அது நிலமும் கல்வியும் உடைய சிலரின் சபை. இன்று நமக்கு வேண்டுவது எல்லார்க்கும் இடமுள்ள சபை. ஆயினும் ஏரியைக் காப்போர் யார், அவர் யாருக்குக் கணக்குக் காட்டுவர் என்பதைக் கல்லில் எழுதினரே, அவ்வறிவு நாம் கொள்ளத்தக்கது.

ஆதலின் எம் கருத்து இது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஊர்ப் பங்கை உறுதிசெய்யும் சட்டம் ஒன்று இயற்றுதல் வேண்டும். அதன்கீழ் எழுதும் ஒவ்வோர் உடன்படிக்கையும் 299-ஆம் பிரிவு கூறும் முறையில், ஊரார் படித்தறியும் தமிழில், பங்கும் காலமும் கடமையும் குறித்து எழுதப்படல் வேண்டும். அதன் ஒரு படி கிராம சபையின் பேழையில் இருத்தல் வேண்டும். பொருளுதவி கிராம சபையின் கணக்கில் வந்து, அச்சபையில் வாசிக்கப்படல் வேண்டும். வழக்கு எழுந்தால் வனத்துறை அல்லாத நடுவர் ஒருவர் தீர்த்தல் வேண்டும். வன உரிமைச் சட்டம் தந்த உரிமையை இவற்றுள் எதுவும் குறைத்தலாகாது.

கல்லூரி விழாக்களில் ஆண்டுதோறும் யாம் மரக்கன்று நடுகின்றோம், நிழற்படமும் எடுத்துக்கொள்கின்றோம். நட்டவர் போனபின் நீரூற்றுவார் யார் என்பதை எழுதிவைப்பதில்லை. எம் விடுதியின் பின்புறத்தே பட்டுப்போன கன்றுகள் எமக்கு அதனைச் சொல்லுகின்றன. அரசாங்கத்தாரும் அதனைக் கேட்பாராக. துருப்பிடித்த அப்பலகை மீண்டும் எழுதப்படும் நாளில், அம்முதியவரின் பேரன் தன் ஊரின் பங்கைத் தன் விரலால் தொட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அன்று அவனைப் பங்காளி என்போம்.